பொலிமர் களிமண் நகை: எதை வாங்குவது, எதை வீட்டில் எடுப்பது?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் உங்களுக்கு இருக்கிறது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கொஞ்ச நாளாகப் பொலிமர் களிமண் நகையைப் பற்றிப் பல பேர் எங்களிடம் கேட்கிறீங்க. பிள்ளைகள் போனில் வீடியோ பார்க்கிறாங்க. தோடு, பதக்கம், மணிமாலை எல்லாம் அழகாக வருகிறது. ஆனால் அந்த வீடியோவில் மேசை நிறைய முப்பது நாற்பது சாமான் இருக்கு. அதைப் பார்த்துவிட்டு, சீட்டு எடுத்தாவது எல்லாவற்றையும் வாங்க வேணும் என்று சில பேர் நினைக்கிறாங்க. வேறு சில பேர், "எதுக்கு வாங்கணும், அடுப்பில் தாச்சியை வைத்து அதிலேயே சுட்டுக்கிறோம்" என்கிறாங்க. இரண்டுமே வேண்டாம்.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். கையால் செய்யும் வேலைக்கு வேண்டிய சாமானில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டிலேயே இருக்கு, அதை எடுங்க. சுடும் வேலைக்கு வேண்டியதை மட்டும் சமையலறையிலிருந்து எடுக்காதீங்க, அதைச் சேர்ந்து வாங்குங்க.

இது என்ன மண்?

பெயரில்தான் களிமண் இருக்கு. உண்மையில் இதில் மண்ணே கிடையாது. தண்ணீர்க் குழாய் செய்கிற பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் தூளை, அதை இளக்கி வைக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளோடும் சாயத்தோடும் கலந்து பிசைந்ததுதான் இது. அதனால் காற்றில் வைத்தால் காய்ந்து இறுகாது. குயவர் சூளையும் தேவையில்லை. சிறிய மின்சார ஓவனில் அளவான சூட்டில் வைத்தால் தூள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உறுதியாகிவிடும்.

இதன் ஆரம்பமும் ஒரு பெண்ணின் கைவேலைதான். ஜெர்மனியில் பொம்மை செய்து பெயர்பெற்ற கேத்தே குருசே அம்மையாரின் மகள் இதைப் பாவித்து வந்தார். 1964 இல் எபர்ஹார்ட் பேபர் என்ற கம்பனி அவரிடமிருந்து இதை வாங்கி, 'பீமோ' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 'ஸ்கல்பி', 'பிரிமோ' என்ற பெயர்களில் வருகிறது.

பிளாஸ்டிக் என்பதை மறக்காதீங்க. இன்றைக்குச் சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் அநேகமானவை அதிலிருந்துதான் வருகின்றன.

களிமண்ணை வாங்கும்போது

முதலில் நாலு நிறம் போதும்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள். வேணுமானால் ஒரு நீலம். மற்ற நிறங்களைக் கலந்து எடுக்கலாம். கோலப்பொடி கலக்கத் தெரிந்த உங்களுக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கெட்டைக் கையில் எடுத்து விரலால் அமத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தால் அது வெயில்பட்ட அல்லது பழைய சரக்கு. கொஞ்சம் அமுங்கினால் வாங்கலாம். வட்டத்துக்குள் 'ஏ.பி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துள்ள முத்திரையோ, 'ஈ.என். 71' என்ற அடையாளமோ இருக்கிறதா என்று பாருங்க. பெயரும் இல்லாமல், சுடும் சூடும் எழுதாமல் பொலித்தீனில் கட்டி விற்பதை மலிவு என்று வாங்க வேண்டாம். எத்தனை பாகையில் சுடுவது என்று தெரியாத மண்ணை எப்படிச் சுடப் போகிறீங்க?

இன்னொன்று. பஞ்சு மாதிரி லேசாக, காற்றிலேயே காயும் ஒரு மண்ணும் கடைகளில் இருக்கு. பிள்ளைகள் விளையாட அது நல்லது. ஆனால் இது வேறு, அது வேறு. 'ஓவனில் சுடுவது' என்று பக்கெட்டில் இருக்கிறதா என்று வாசித்து, இல்லாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி வாங்குங்க.

வீட்டிலேயே இருக்கிற சாமான்

வேலை செய்ய ஒரு தளம் வேணும். பளபளப்பான தரை ஓடு ஒன்று போதும். எங்காவது வீடு கட்டி மிஞ்சிய ஓடாக இருந்தாலும் சரி. மெழுகுப்பூச்சு, வார்னிஷ் பூசிய மேசையில் நேரடியாக வைக்காதீங்க. சுடாத மண் அந்தப் பூச்சை அரித்துவிடும்.

உருட்டுவதற்கு, நேரான வழுவழுப்பான கண்ணாடிப் போத்தல் ஒன்று. ஒரே தடிப்பில் வர வேணும் என்றால் மண்ணின் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவான இரண்டு மரக் குச்சியை வைத்து, அதற்கு மேல் போத்தலை உருட்டுங்க. குச்சி 3 மில்லிமீற்றர் என்றால் தகடும் 3 மில்லிமீற்றர்தான் வரும். வீடியோவில் காட்டுகிற உருட்டு மெஷின் இப்போதைக்குத் தேவையே இல்லை.

வெட்டுவதற்குச் சவரப் பிளேட். ஒரு பக்கத்து முனையில் தடிப்பான டேப்பைச் சுற்றிக் கொள்ளுங்க, விரல் தப்பும். ஓட்டை போட, குச்சியில் செருகிய சாக்கு ஊசி. வட்டம் வெட்ட, பேனா மூடி, மருந்துப் போத்தல் மூடி. வெட்டுமுன் மண்ணுக்கு மேல் ஒரு மெல்லிய பொலித்தீனை விரித்து வெட்டினால் ஓரம் கூர்மையில்லாமல் உருண்டையாக வரும். மண் ஒட்டாமலிருக்கச் சோளமாவு ஒரு சிட்டிகை.

கோலம் பதிக்க அச்சு வாங்க வேணுமா? உங்கள் மலையில் இல்லாத அச்சா? முற்றிய தேயிலையின் பின்பக்கத்தை மண்ணில் அமத்தி எடுத்துப் பாருங்க. நரம்பு நரம்பாக விழும். பன்ன இலையும் அப்படித்தான். முற்றிய இலை என்று சொன்னோம், கொழுந்தைக் கிள்ளிவிட்டு எங்கள் பெயரைக் கங்காணி ஐயாவிடம் சொல்லிவிடாதீங்க!

மிஞ்சிய மண்ணைப் பத்திரப்படுத்த ஒரு டப்பா வேணும். எல்லாப் பிளாஸ்டிக் டப்பாவும் சரிவராது. சிலது மண்ணோடு சேர்ந்து உருகி ஒட்டிவிடும். டப்பாவின் அடியைத் திருப்பிப் பாருங்க. முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் நல்லது. 6 என்று இருந்தால் வேண்டாம். சந்தேகம் என்றால் முதலில் பொலித்தீனில் சுற்றிவிட்டுப் போடுங்க. அடுப்புப் பக்கமும் வெயில்படுகிற ஜன்னல் பக்கமும் வைக்க வேண்டாம்.

இப்படி எடுத்த ஒவ்வொரு சாமானிலும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிடுங்க. சிவப்புப் பொட்டு வைத்த சாமான் மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது. கழுவி எடுத்தாலும் போகக்கூடாது. இது சட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்க.

கை சுத்தமும் மலைக் குளிரும்

கொழுந்தெடுத்து வந்த விரலில் கறை இருக்கும். அது உழைப்பின் அடையாளம்தான், ஆனால் வெள்ளை மண்ணில் பட்டால் போகாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரத்துணியில் துடைத்துவிட்டு உட்காருங்க. கம்பளிச் சட்டை போட்டிருந்தால் கையை மடித்து விடுங்க, நூல் ஒட்டும். முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு என்ற வரிசையில் வேலை செய்தால் நிறம் நிறத்தோடு கலக்காது.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் மண் விறைத்துப் போயிருக்கும். பக்கெட்டோடு சால்வைக்குள் வைத்து அரைமணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தால் இளகிவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்க. மடித்துப் பார்க்கும்போது மடிப்பில் வெடிப்பு வராவிட்டால் பதம் சரி.

வீட்டிலிருந்து எடுக்கக்கூடாதது: அடுப்பு

இனித்தான் முக்கியமான இடம். தயவுசெய்து கவனமாகக் கேளுங்க.

ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு சூடு இருக்கு. பீமோவுக்கு 110 பாகை செல்சியஸ், 30 நிமிடம். பிரிமோவுக்கு 130 பாகை, 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 30 நிமிடம். உங்கள் பக்கெட்டில் என்ன இருக்கோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. சூடு குறைந்தால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வாங்கிப் போட்டவரின் காதில் இரண்டு நாளில் உடையும். சூடு மிஞ்சினால் பி.வி.சி. கருகி, ஹைட்ரஜன் குளோரைட்டு என்ற புகை வரும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற அமிலப் புகை. லயத்துக் காம்பராவில் ஒரு கதவு, ஒரு ஜன்னல். அதற்குள் கைப்பிள்ளை, இழுப்பு வருகிற ஆத்தா, எல்லோரும் இருக்கிறாங்க. அந்தப் புகையை அவர்கள் ஏன் குடிக்க வேணும்?

விறகு அடுப்பில் 110 பாகை எது, 200 பாகை எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தாச்சியில் வறுப்பது, தணலில் வைப்பது, ரொட்டிக் கல்லில் வைப்பது எதுவும் வேண்டாம்.

"அப்படியென்றால் இட்டலிப் பானையில் அவித்தால் என்ன? ஆவி கருக்காதே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே போகப் போகக் கொதிநிலை குறையும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மண்ணுக்கு வேண்டியது 110. எவ்வளவு நேரம் அவித்தாலும் அந்தச் சூடு வராது. சமையல் பானை கெட்டதுதான் மிச்சம்.

ஆகவே வேண்டியது ஒரு சிறிய மின்சார ஓவன், அதற்குள் வைக்கிற ஓவன் வெப்பமானி ஒன்று. ஓவனின் திருகியில் 110 என்று இருந்தாலும் உள்ளே 140 இருக்கலாம். சிறிய ஓவன்களில் இது வழக்கம். வெப்பமானி சொல்கிறதைத்தான் நம்ப வேணும். ஓவனுக்குக் கொடுக்கிற பணத்தோடு பார்த்தால் வெப்பமானிக்குக் கொடுப்பது சிறு தொகை. அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

இது ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு ஒன்று போதும். வாரத்தில் ஒரு நாள் எல்லோருடைய வேலையையும் சேர்த்துச் சுடலாம். வைக்கிற இடம் காம்பரா அல்ல, கதவு ஜன்னல் திறந்த பொது மண்டபம். பிள்ளைக் காப்பகத்தில் வைக்கவே கூடாது. சுவர்ப் பிளக்கில் நேராகப் போடுங்க. மெல்லிய வயரில் நாலு பிளக்கை மாட்டி அதில் ஓவனையும் கேத்தலையும் சேர்த்துப் போட்டால் வயர் உருகும். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு அந்த ஒரு வீட்டோடு நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

சுடும்போது ஓட்டின் மேல் வெள்ளைக் கடதாசி, அதன் மேல் நகை. மேலே அலுமினியத் தாளால் கூடாரம் மாதிரி மூடுங்க, கம்பிச் சூடு நேராகப் படாது. ஓவன் சூடேறி வெப்பமானி நிலைத்த பிறகுதான் உள்ளே வைக்க வேணும். ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேணும். கருகல் வாடை வந்தால் உடனே சுவிட்சை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, பிள்ளைகளோடு எல்லோரும் வெளியே போங்க. புகை போகும்வரை ஓவனைத் திறக்காதீங்க.

சரியாக வெந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு துண்டைச் சேர்த்துச் சுடுங்க. நன்றாக ஆறிய பிறகு வளையுங்க. கொஞ்சம் வளைந்து கொடுத்தால் சரி. பிஸ்கட் மாதிரிப் பட்டென்று முறிந்தால் வேகவில்லை, மறுபடி சுடலாம்.

கொக்கி, வளையம், பசை, மினுக்கம்

வாங்க வேண்டிய மற்றவை சிறுசுதான். காதுக் கொக்கி, சிறு வளையம், மாலைக்கு நூல் அல்லது சங்கிலி. வளையத்தைத் திறந்து மூட, மூக்குக் குறடு இரண்டு, அதையும் குழுவாக வாங்கலாம். நிக்கல் பூசிய மலிவுக் கொக்கி சில பேருடைய காதைப் புண்ணாக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி பெரும்பாலானோருக்கு ஒத்துப்போகும். ஒருவருக்குக் காது புண்ணானால் பிறகு அவர் வாங்கமாட்டார், அவருடைய சிநேகிதியும் வாங்கமாட்டார்.

ஒட்டுவதற்கு, இரண்டு குழாயில் வந்து கலந்து பூசுகிற பசை நல்லது. உடனே பிடிக்கிற சுப்பர் குளு நாளாக ஆக முறுகி விட்டுவிடும்.

மினுக்கத்துக்கு, தண்ணீரில் பாவிக்கிற உப்புத்தாள் 400, 600, 1000 என்ற இலக்கங்களில் ஒவ்வொன்று. பேசினில் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. கடைசியில் பழைய டெனிம் துணியால் தேய்த்தாலே பளபளக்கும். நகப்பூச்சைப் பூசாதீங்க. நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். வேணுமென்றால் தண்ணீர் கலந்த வார்னிஷ் போதும்.

செய்து முடித்ததையும் சிறு பிள்ளைகள் வாயில் போட விடாதீங்க. இந்த மண்ணில் தட்டோ கரண்டியோ செய்து சாப்பாட்டுக்குப் பாவிக்கவும் வேண்டாம்.

கணக்குக் கொப்பி

கடைசியாக ஒரு சாமான். அது ஒரு கொப்பியும் பென்சிலும்.

2 சென்றிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு வட்டத் தோடு ஏறக்குறைய 2 கிராம். ஒரு சோடி 4 கிராம். 57 கிராம் கட்டியில், வீண்போவதைக் கழித்தால், 12 சோடி எதிர்பார்க்கலாம். ஒரு பேச்சுக்குக் கட்டி 1,200 ரூபா என்று வைப்போம். சோடிக்கு மண் 100 ரூபா. கொக்கியும் வளையமும் 40. அட்டையும் பையும் 20. உப்புத்தாள், பசை, கரண்ட் பங்கு 20. மொத்தம் 180 ரூபா. கடைக்காரர் 200 ரூபாவுக்குக் கேட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 20 ரூபா. அதற்குள் பிசைந்து, வெட்டி, சுட்டு, தேய்த்த நேரம் எத்தனை? உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க. உங்கள் நேரத்துக்கு விலை போடாமல் விற்கிறது வியாபாரம் அல்ல, தானம். மலையில் நிறுவை குறைந்தால் கேட்கிறீங்கதானே? இங்கேயும் கேளுங்க.

"முன்பணம் கட்டுங்க, சாமான் பெட்டி தருகிறோம், செய்ததை எல்லாம் நாங்களே வாங்குவோம்" என்று யாராவது வந்தால் அவசரப்படாதீங்க. பெட்டியில் என்ன இருக்கு, எந்த விலைக்கு வாங்குவாங்க, எழுத்தில் தருவாங்களா என்று கேளுங்க. எழுத்தில் தராத வாக்குக்குச் சம்பளக் காசைக் கொடுக்க வேண்டாம்.

இந்தத் தொழில் கொழுந்துச் சம்பளத்துக்கு ஈடாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. பொறுமையும் கை நேர்த்தியும் உள்ளவர்களுக்கு, கணக்கோடு செய்தால், கைச்செலவுக்கு ஒரு வழி. நாலு நிறத்தோடு ஆரம்பியுங்க. முதலில் செய்த பத்துச் சோடி விற்றால், அந்தக் காசில் அடுத்த சாமானை வாங்குங்க. கடன் பட்டு வாங்காதீங்க.

விரும்புகிறவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து மாதர் சங்கத் தலைவியிடம் பெயர் கொடுங்க. மண்டபத்தில் இடமும், சரியான பிளக்கும் கேட்டு எழுதுவது எங்கள் பொறுப்பு. கீழே உள்ளதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவையுங்க.

*வீட்டில் எடுப்பது:* தரை ஓடு, கண்ணாடிப் போத்தல், ஒரே அளவான இரண்டு குச்சி, டேப் சுற்றிய பிளேட், சாக்கு ஊசி, மூடிகள், சோளமாவு, 5 இலக்க டப்பா, பழைய டெனிம் துணி. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பொட்டு.

*தனியாக வாங்குவது:* நாலு நிற மண், ஸ்டீல் கொக்கி, வளையம், நூல், உப்புத்தாள், கொப்பி.

*சேர்ந்து வாங்குவது:* ஓவன், ஓவன் வெப்பமானி, அலுமினியத் தாள், குறடு இரண்டு, பசை.

*ஒருபோதும் பாவிக்காதது:* சோறு கறி சமைக்கிற அடுப்பும் பாத்திரமும்.